சாவிக்காரியின் ஜன்னல்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

முதலில் அண்ணன். அவன் முடிப்பதற்குள் அண்ணி.

சின்னவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளால் வாய்கூடக் கொப்பளிக்க முடியவில்லை.

"இவனைப் பாரேன். 'சாவிக்காரியைத் தொட்டா சபை ரெண்டாகும்'னு மிரட்டறான்." அண்ணன் குரல்.

"ஆகட்டுமே. ரெண்டு சபைன்னா ரெண்டு நடுவர் வேணும். வேலை காலியிருக்கு, வர்றீங்களா?"

"சம்பளம்?"

"டீ."

மறுபடி சிரிப்பு.

சின்னவள் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். வில்லன் சபை என்பது இணையத்தில் நடக்கும் ஒரு மன்றம். தொடர்களிலும் நாவல்களிலும் வரும் கெட்டவர்களை அங்கே விசாரிக்கிறார்கள். நாலாயிரம் உறுப்பினர்கள். பத்து வருடங்களுக்கு முன்னால் அண்ணனும் சின்னவளும் மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரே நோட்டில் மாறி மாறி எழுதி, மூன்று கேள்விகளோடு ஆரம்பித்தது.

தெரிந்தே செய்தாரா? அந்தக் கதையில் இருக்கும் மற்றவர்களைவிட மோசமா? யார் மேலாவது கலப்பில்லாத அன்பு உண்டா?

மூன்றாவதற்கு ஒரு சொட்டு விதி என்று பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சின்னவள் வைத்தது. ஒரு சொட்டு அன்பு இருந்தாலும் ஆள் தப்பிவிடலாம். அதுவும் இல்லையென்றால் மன்னிப்பில்லாப் பட்டியல். இத்தனை வருடத்தில் பத்தொன்பது பேர்தான் அதில் ஏறியிருக்கிறார்கள்.

'எட்டாவது பூட்டு' தொடரில் வரும் சாவிக்காரி ஏறவில்லை. தம்பி மனைவியை எட்டாவது அறையில் அடைத்துவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டவள் அவள். ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது பதினொரு நாள் கட்டிலை விட்டு நகராமல் இருந்தாள். அதுதான் அந்த ஒரு சொட்டு என்று ஆறு வருடங்களுக்கு முன்பு வாதாடி அவளைக் காப்பாற்றியவள் சின்னவள். அந்த வாதத்தைப் படித்துவிட்டுத்தான் அவளை நடுவராக்கினார்கள்.

நாலு மாதத்துக்கு முன் அண்ணி சபையில் சேர்ந்தாள். போன ஞாயிறு, சாவிக்காரி வழக்கைத் திரும்ப எடுத்தாள்.

இன்று மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிகிறது.

சின்னவள் சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன ஜோக்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பொடிசு. திருப்பிச் சொன்னா சிரிப்பு வராது."

பத்து வருடமாக எந்த ஜோக்காக இருந்தாலும் அவளுக்குத்தான் முதலில் வரும். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அண்ணன். எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே அனுப்பிவிடுவான். இப்போது திருப்பிச் சொன்னால் சிரிப்பு வராதாம்.

அண்ணி முட்டையைத் தட்டில் வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போ. உனக்கு உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

உப்பு கம்மியாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அம்மா முழங்காலை நீவிக்கொண்டே மூன்று பேரையும் பார்த்தாள். "இல்லாத ஒருத்திக்காக இருக்கிறவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறீங்க. அவ வந்தாளா, போனாளா, ஒரு டம்ளராவது கழுவினாளா?"

"அவ கழுவமாட்டா அத்தை. பூட்டி வச்சிருவா," என்றாள் அண்ணி.

அண்ணனுக்குப் புரையேறியது. அண்ணி அவன் தலையில் தட்டினாள். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முட்டை பாதிக்கு மேல் தட்டிலேயே இருந்தது.

*

பரிசோதனைக் கூடம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிவரைதான். கூட்டம் குறைவு. சின்னவள் ரத்தம் எடுத்த குழாய்களை வரிசையில் நிறுத்தினாள். சீட்டில் இருக்கும் பெயரைப் படிப்பாள், குழாயில் இருக்கும் பெயரைப் படிப்பாள், பிறகு மறுபடி சீட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை. குழாயில் பெயர் ஒன்றும் உள்ளே ரத்தம் வேறொருவருடையதும் ஆகிவிட்டால், அவள் வேலையில் அதற்கு மேல் தப்பு கிடையாது.

வியாழக்கிழமை காலை அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

அண்ணி குளிக்கப் போயிருந்தாள். பதினைந்து நிமிடம். சின்னவள் கைபேசியில், வீட்டு இணைப்பிலிருந்தே, மூன்று புதுப் பெயர்களில் சபையில் சேர்ந்தாள். ஊசிமுனை, படிக்கல், மழைக்கோட்டு. மூன்றும் அண்ணிக்கு ஆதரவாக வாக்குப் போட்டன.

எதிராக அல்ல. அதுதான் கணக்கு. ஒருவரே பல பெயரில் வாக்களித்தால் வழக்கே தள்ளுபடி. யாருக்குச் சாதகமோ அவர் ஒரு வருடம் சபைக்குள் வர முடியாது. எந்த வாக்கு எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று அண்ணன் பார்ப்பான். சபையின் கணினி வேலையைக் கவனித்துக்கொள்வது அவன்தான். வீட்டு இணைப்பிலிருந்து அண்ணிக்கு மூன்று புது வாக்கு என்றால் யாரைச் சந்தேகப்படுவான்? சாவிக்காரிக்காக வாதாடி ஜெயித்தவளையா?

பதினொன்றரைக்கு அவன் கூப்பிட்டான்.

"பொடிசு, தனியா இருக்கியா?"

"ம். சொல்லுண்ணா."

"மூணு ஓட்டு இடிக்குது. புதுப் பேரு. மூணும் ஒரே இணைப்பு." குரலைத் தாழ்த்தினான். "நம்ம வீடு."

அவள் ஒரு குழாயை எடுத்தாள். வைத்தாள்.

"எப்போ?"

"வியாழன் காலைல. நான் அன்னிக்கு ஆறு மணிக்கே கிளம்பிட்டேன். அம்மாவுக்கு போன்ல பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் தவிர ஒண்ணும் தெரியாது."

அவன் மிச்சத்தைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அவ அப்படிச் செய்யற ஆளே இல்ல பொடிசு. அந்த மூணும் இல்லாமலே நாற்பது ஓட்டு முன்னாடி இருக்கா. எதுக்குச் செய்யணும்?"

"நீ கேட்டியா அவங்ககிட்ட?"

"இப்பதான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. என்னையே பார்த்தா. அப்புறம் எந்திரிச்சுப் போய்த் துணி மடிக்க ஆரம்பிச்சுட்டா." அவன் மூச்சு கேட்டது. "நீதான் நடுவர். என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு."

இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோதும் இப்படித்தான் கேட்டான். அந்தக் குரல் தன்னிடம் திரும்பி வந்ததில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. தப்பென்று தெரிந்தே வந்த சந்தோஷம்.

"விதி விதிதாண்ணா," என்றாள்.

அழைப்பு முடிந்த பிறகும் அவள் கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். பிறகு குழாய்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

*

இரண்டு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அண்ணன் போயிருந்தான்.

அண்ணி கூடத்து மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நீதிமன்றத்தில் தட்டச்சர். கைபேசியில் எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. பத்து விரலும் இருக்கும்போது ஒற்றை விரலால் ஏன் குத்தணும் என்பாள். சபையில் அவள் பெயரே 'தட்டச்சு'.

இப்போது அந்தப் பத்து விரல்களும் சும்மா இருந்தன.

"உட்காரு," என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள்.

"காரணம் எழுதாத வாக்கு செல்லாதுன்னு ஒரு விதி இருக்கே, அது யார் வச்சது?"

"நான்."

"நல்ல விதி." அண்ணி திரையைத் திருப்பினாள். "படிக்கல், 'கெட்டவள்தான்'னு எழுதியிருக்கு. சரி. மழைக்கோட்டு, 'எனக்குப் பிடிக்கல'. அதுவும் சரி. ஊசிமுனை என்ன எழுதியிருக்கு பாரு."

பார்க்க வேண்டியதில்லை. சின்னவளுக்கு மனப்பாடம்.

*நாற்பத்தொன்றாம் பகுதி, பதினேழாவது நிமிடம், முப்பத்திரண்டாவது விநாடி. காய்ச்சலில் கிடக்கும் தம்பி தூக்கத்தில் மனைவி பெயரைச் சொல்கிறான். சாவிக்காரி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைக்கிறாள். வெளியே குளிர்காற்று. மறுநாள் காய்ச்சல் கூடுகிறது. பதினொரு நாள் பணிவிடைக்கு அவளே வழி செய்துகொண்டாள்.*

"நானும் அந்தப் பகுதியை நாலு தடவை பார்த்தேன். ஜன்னல் என் கண்ணுல படவே இல்ல. திரையோட ஓரத்துல ஒரு கைதான் தெரியுது. என் வழக்குல எங்க ஓட்டை இருந்துச்சோ அதை இந்த ஒரு ஓட்டு அடைச்சிருச்சு."

சின்னவள் மேஜையின் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருஷமா அடுத்தவங்க பேசறதை டைப் அடிக்கிறேன். பேரை மறைச்சுட்டுக் கொடுத்தாக்கூடப் பேசினது எந்த வக்கீல்னு சொல்லிருவேன். நாலாயிரம் பேருல நிமிஷம் எழுதறவங்க நூறு பேர் இருப்பாங்க. விநாடி எழுதறவ ஒருத்திதான்."

அண்ணி ஊசிமுனையின் வரியில் விரலை வைத்தாள்.

"இதுலயும் ரெண்டு வார்த்தை போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? மத்த ரெண்டுலயும் போட்ட மாதிரி?"

"முடியல." மேஜைக் கீறலை நகத்தால் தேய்த்தாள். "ஆறு வருஷமா தெரியும் அண்ணி. முதல் தடவையே பார்த்துட்டேன் அந்த ஜன்னலை. சொன்னா என் வாதம் நிக்காது. அதனால விட்டுட்டேன். வியாழக்கிழமை ஊசிமுனைன்னு பேர் போட்டதும் கை தானா எழுதிருச்சு. உண்மையைச் சொல்ல வேற ஆள் கிடைச்ச மாதிரி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"திருடப் போன இடத்துல வீட்டைக் கூட்டித் துடைச்சு வச்சுட்டு வந்திருக்கே."

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்?" அண்ணி மடிக்கணினியைப் பாதி மூடினாள். "என் முன்னாடி வந்து நின்னு 'நீயா?'ன்னு கேட்டார். வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம். உன்னைக் கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல. நான் 'இல்ல, உங்க தங்கச்சி'ன்னு சொல்றேன்னு வை. அவர் நம்பலைன்னா? ஓட்டு போனா போகட்டும். அவர் நம்பலைங்கறதை நான் தெரிஞ்சுக்க வேண்டாம்."

சின்னவள் தலை நிமிர்ந்தாள்.

"நான் ஏன் இந்தச் சபைக்கு வந்தேன்னு நினைச்சே? எனக்கென்ன வில்லன் மேல வேண்டுதலா? கல்யாணமாகி மூணு வருஷம். ராத்திரி சாப்பிடும்போது போனைப் பார்த்துத் தனியாச் சிரிப்பார். என்னன்னு கேட்டா, 'பொடிசு எழுதியிருக்கா, சொன்னா உனக்குப் புரியாது'ம்பார். மூணு வருஷம் அந்தச் சிரிப்பைப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். சரி, புரிஞ்சுக்கிட்டே வர்றேன்னு வந்தேன்."

"அதுக்குச் சாவிக்காரியை ஏன்..."

"அவ உன் ஆளு. அதான்." அண்ணி கண்ணைத் திருப்பவில்லை. "நீ காப்பாத்தினவளை நான் கவுக்கணும்னு இருந்துச்சு. வேணும்னேதான் எடுத்தேன். எனக்கும் வயிறு இருக்கு, அதுவும் எரியும்."

இந்த நாலு மாதமாக இந்த வீட்டில் எரிவது தன் வயிறு மட்டும்தான் என்று சின்னவள் நினைத்திருந்தாள். இன்னொன்றும் எரிகிறது என்று தெரிந்ததும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதிலும் அண்ணி மூன்று வருடம் மூத்தவள் என்றுதான் தோன்றியது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நானா? நான் என்ன செய்யறது? தீர்ப்பு எழுதறது நீ." அண்ணி எழுந்தாள். "ஆறு மணிக்கு நாலாயிரம் பேர் முன்னாடி நான் திருடி. அது ஒரு வருஷத்துல போயிரும். இந்த வீட்டுல அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே, அது எந்த வருஷத்துல போகும்னு எனக்குத் தெரியல."

துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேலே சின்னவளின் சட்டைதான் இருந்தது. மடித்தது.

*

ஐந்தரைக்கு அண்ணன் வந்தான். கையில் கிரீஸ். யாரோடும் பேசவில்லை. அண்ணி டீயை மேஜையில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கோபத்தில் சாத்தவில்லை, மெதுவாகத்தான். அண்ணி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் அதைத் தன் அறையிலிருந்து பார்த்தாள். வியாழக்கிழமை காலை அவள் கற்பனை செய்தது இதேதான். இந்தக் கதவு, இந்த நிற்றல். கற்பனையில் இனித்தது.

ஐந்து நாற்பதுக்குத் தீர்ப்புப் பக்கத்தைத் திறந்தாள். தள்ளுபடி அறிவிப்பை முன்பே எழுதி வைத்திருந்தாள். நாலு வரி. அனுப்பினால் வேலை முடிந்தது. அண்ணி வாய் திறக்கமாட்டாள். அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. நடுவர் நாற்காலி, முதல் ஜோக், சைக்கிள் தொலைத்த குரல், எல்லாம் திரும்பி வரும்.

அவனுக்கு ஒரு காய்ச்சலைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அவள் விரல் நின்றது.

அம்மா வாசற்படியில் நின்று, "ஏன்டி வேர்க்குது உனக்கு? ஜன்னலைத் திறந்து விடட்டா?" என்றாள்.

"வேண்டாம்மா," என்றாள் சின்னவள் அவசரமாக. "மூடியே இருக்கட்டும்."

நாலு வரியையும் அழித்தாள். புதிதாக எழுதினாள்.

*வழக்கு: சாவிக்காரி, எட்டாவது பூட்டு. ஊசிமுனை, படிக்கல், மழைக்கோட்டு மூன்றும் நான்தான். 'தட்டச்சு' மேல் பழி விழ வேண்டும் என்று தெரிந்தே செய்தேன். வாக்குகளுக்குச் சொந்தக்காரி நான் என்பதால் தண்டனையும் எனக்குத்தான். ஊசிமுனை சொன்ன ஜன்னல் உண்மை. ஆறு வருடங்களுக்கு முன்பே பார்த்தேன், மறைத்தேன். என் பழைய வாதம் செல்லாது. விதிப்படி வழக்கு தள்ளுபடி ஆக வேண்டும், ஆனால் தொடுத்தவர் தப்புச் செய்யாததால் தள்ளவில்லை; அந்த மூன்றைக் கழித்தும் அது வெல்கிறது. சாவிக்காரி பட்டியலின் இருபதாவது பெயர். இது நான் எழுதும் கடைசித் தீர்ப்பு.*

ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்ததும் அனுப்பினாள்.

பக்கத்து அறையில் அண்ணனின் கைபேசி ஒலித்தது. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். கதவு. காலடிகள்.

அவன் அறையிலிருந்து வந்தால் முதலில் சின்னவளின் கதவு. அதைத் தாண்டினால் கூடம், கூடத்தில் அண்ணி. காலடி அவள் கதவருகே வந்தது. நின்றது. திட்டட்டும். அறையட்டும். உள்ளே மட்டும் வரட்டும்.

காலடி தாண்டிப் போயிற்று.

கூடத்தில் அவன் ஏதோ சொன்னான். தாழ்ந்த குரல், வார்த்தை பிடிபடவில்லை. மறுபடி அவன் சொன்னான். இந்த முறை "மன்னிச்சுடு" என்பது மட்டும் கேட்டது.

சரியானதுதான் நடந்தது. அவளே நடத்தியது. ஆனாலும் வயிறு காந்தியது. ஒப்புக்கொண்டுவிட்டால் அது அணைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்கு அண்ணி இருந்திருக்கமாட்டாள்.

ஆறே காலுக்கு அவள் கைபேசி அதிர்ந்தது. சபையில் ஒரு புது வழக்கு.

*குற்றம் சாட்டப்பட்டவர்: பொடிசு.*
*தொடர்: நம்ம வீடு.*
*முன்மொழிபவர்: லிஃப்ட்காரன்.*

அண்ணனின் பெயர். அவள் இரண்டு முறை படித்தாள். சீட்டு, குழாய், மறுபடி சீட்டு.

*தெரிந்தே செய்தாரா? ஆமாம்.*
*கதையில் இருக்கும் மற்றவர்களைவிட மோசமா? ஆமாம்.*
*யார் மேலாவது கலப்பில்லாத அன்பு உண்டா?*

அதற்கு நேராக எதுவும் எழுதவில்லை. கீழே, வாக்கெடுப்பு முடியும் நாள்: அடுத்த ஞாயிறு, மாலை ஆறு.

விளையாட்டா, கோபமா? பத்து வருடத்தில் அவன் எழுதிய எதையும் அவள் இப்படி வெறித்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரியிலும் அவன் எங்கே சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இன்று தெரியவில்லை.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. முதல் வாக்கு விழப் போகிறது.

*'தட்டச்சு' காரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்.*

கூடத்தில் பத்து விரல்களும் ஓடும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, வேகமாக, நிற்காமல். நீளமான காரணம்தான். பக்கத்தில் அண்ணனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறானா என்று சின்னவளின் காது தேடியது.